கன்வீனர் வீட்டுச் சம்படம்

பருப்புவடைக்காகப் போன சேஷன் கன்வீனராகத் திரும்பி வந்தார்.

ஸ்ரீவராகம் தெரு அசோசியேஷனில் பொறுப்புகள் இப்படித்தான் கைமாறும். கூட்டம் முடியுமுன் நைசாக நழுவியவர்கள் பிழைத்தார்கள். சேஷன் இரண்டாவது வடைக்காக உட்கார்ந்திருந்தார். அந்த வருஷத்து மழையில் பிளாஸ்டிக் கவர்கள் ஓடையை அடைத்துத் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றிருந்தது. பிளாஸ்டிக் ஒழிப்புக் கமிட்டிக்கு யார் கன்வீனர் என்று செயலாளர் தளவாய் சார் கேட்டதும், எல்லாரும் உத்தரத்தைப் பார்த்தார்கள். சேஷன் வாய் நிறைய வடை. மறுக்க வழியில்லை. ஏகமனதாகத் தேர்வு என்று எழுதிக்கொண்டார்கள்.

இருபது வருஷம் ஆபீசில் ஃபைல் தள்ளிய மனிதரை யாராவது கன்வீனர் என்று கூப்பிட்டால் முதுகு தானாக நிமிரும். வியாழக்கிழமை காலை, நிமிர்ந்த முதுகோடு அடுக்களை வாசலில் நின்றார்.

"இன்னிலேர்ந்து இந்த ஆத்துலே பிளாஸ்டிக் கிடையாது. ஞாயித்துக்கெழமை கமிட்டிக்காரா பாக்க வருவா. கன்வீனரோட ஆம்னா ஒரு மாடலா இருக்கணும்."

சூடாமணி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். பதினான்கு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் சொன்ன எதற்கும் அவள் உடனே தலையாட்டியதில்லை. ஒரு மின்விசிறி வாங்கவே மூன்று கோடை பிடித்தது.

"செரி," என்றாள். "எல்லாமா?"

"எல்லாம்."

"அடுக்களையிலேயுமா?"

"அங்கேதானே கூடுதல்."

"பின்னே மாத்திப் பேசப்படாது, கேட்டேளா."

அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கன்வீனர்கள் சந்தேகப்படுவதில்லை.

ஏழாம் வகுப்புப் படிக்கும் மஹேஷ் நோட்டும் பேனாவுமாக வீட்டைச் சுற்றிப் பட்டியல் போட்டான். குளியலறை வாளி, மக், தண்ணீர் பாட்டில், இட்லிப்பொடி டப்பா எல்லாம் முற்றத்தில் மலையாகக் குவிந்தன. பல் தேய்க்கும் பிரஷ்ஷுக்கு மட்டும் பொதுமன்னிப்பு கிடைத்தது. தன் பிளாஸ்டிக் கிரிக்கெட் மட்டைக்கும் மன்னிப்பு கேட்டுப் பார்த்துத் தோற்ற மஹேஷ், போகிற போக்கில் அப்பாவின் சீப்பையும் எடுத்துப் போட்டான்.

"அதெதுக்குடா?"

"பிளாஸ்டிக்காக்கும். பின்னே அப்பாக்கு அது ஆவசியமும் இல்லையல்லோ."

சேஷன் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

சூடாமணி பரணில் ஏறி, கல்யாணச் சீராக வந்து அன்று முதல் சாக்குக்குள் கிடந்த எவர்சில்வர் பாத்திரங்களை இறக்கினாள். மூடி போட்ட சம்படங்கள் பெரியதும் சிறியதுமாகப் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் அவள் பெயர் வெட்டியிருந்தது. முற்றத்து மலையைப் பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக்காரன் வந்து அள்ளிப் போனான். அதன் உச்சியில், சிவப்பு மூடி போட்ட ஒரு டப்பா உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் சேஷன் வண்டியின் பின்னாலேயே தெருமுனை வரை போனார்.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழக்கேகோட்டைக் கடையிலிருந்து குழந்தைகளுக்கென்று வாங்கும் சர்க்கரைவரட்டி அதில்தான் இருக்கும். வெல்லமும் சுக்கும் பூசிய நேந்திரங்காய்த் துண்டுகள். சேஷனுக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பைக் கண்ணால் பார்க்கலாம் என்ற அளவுக்கு டாக்டர் சம்மதித்திருந்தார். ஆனால் தினமும் ஐந்தரை மணிக்குச் சூடாமணி கோவிலுக்குப் போவாள். குழந்தைகள் தெருவில் விளையாடுவார்கள். பிளாஸ்டிக் மூடி பூப்போலத் திறக்கும். மூன்றே துண்டு. ஆறு மாதமாக டப்பாவில் மட்டம் இறங்கும்போதெல்லாம் சூடாமணி மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் மீராவைத்தான் முறைப்பாள். "நான் எடுக்கலேம்மா" என்று குழந்தை அழும். சேஷன் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

இப்போது புது அரைக்கிலோவும் ஒரு சம்படத்துக்குள் போயிற்று.

வெள்ளிக்கிழமை ஐந்தேமுக்கால். வீட்டில் யாருமில்லை. சேஷன் சம்படத்தை இறக்கினார். மூடி அசையவில்லை. நகத்தால் நெம்பினார், நகம் போயிற்று. முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, கரண்டிக் காம்பைக் கொடுத்து ஓர் அழுத்து அழுத்தினார். மூடி எகிறி அம்மிக்கல்லில் மோதி, தரையில் விழுந்து, கோவில் மணி போல ஒலித்துக்கொண்டே உருண்டு, படி இறங்கி முற்றத்துக்குப் போய், அங்கேயும் சற்று நேரம் சுழன்றுவிட்டுத்தான் படுத்தது.

அடுத்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரே சுவர். விஜயம் மாமி அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள். "சூடாமணி, அங்கே என்ன விழுந்தது?"

பதில் சொல்லாவிட்டால் மாமி நேரிலேயே வந்துவிடுவாள். "பூனை, மாமி," என்றார் சேஷன்.

"பூனைக்கு ஒங்க சப்தமாக்கும்."

ஒரு துண்டுகூட வாய்க்குப் போகவில்லை. மூடியை எடுத்துவந்து அமுக்கி, சம்படத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

மறுநாள் சாப்பிடும்போது, எதிலும் தீவிரம் கூடாது, நாளைக்குக் கமிட்டி வந்து போனதும் மொறுமொறுப்புக் கெடாமல் இருக்க ஒரே ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்துக்கொள்ளலாம் என்று மெல்ல ஆரம்பித்தார். கன்வீனர் ஆத்திலேயா என்று கேட்டுவிட்டுச் சூடாமணி ரசம் விட்டாள். அத்தோடு அந்தத் தீர்மானம் தள்ளுபடியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தளவாய் சாரும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். வேடிக்கை பார்க்க விஜயம் மாமியும் வந்தாள். தளவாய் சார் சம்படங்களை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்து, கம்ப்ளீட் மாடல் என்றார். சேஷனின் முதுகு மறுபடி நிமிர்ந்தது. சூடாமணி டீயோடு அந்தச் சம்படத்தையும் கொண்டுவந்து, மூடியில் உள்ளங்கையை வைத்தாள். சத்தமே இல்லை. பூப்போலத் திறந்தது.

உள்ளே ஐந்து துண்டுகள் கிடந்தன.

"அரைக்கிலோ வாங்கி மூணு நாளாச்சு," என்றாள் சூடாமணி.

"வெள்ளியாழ்ச்ச சாயங்காலம் ஒரு பூனை வந்துது," என்றாள் விஜயம் மாமி. "நான் கேட்டேனே."

எல்லாரும் சேஷனைப் பார்த்தார்கள். சேஷன் கதவு ஓரத்தைப் பார்த்தார். அங்கே மீரா நின்றிருந்தாள். கவுனின் முன்பக்கமெல்லாம் வெல்லப்பொடி. ஒரு கன்னம் மட்டும் உப்பியிருந்தது. சேஷன் வாயைத் திறந்தார். ஆறு மாதம் அழுத குழந்தை. வாயை மூடிக்கொண்டார்.

"நான்தான்," என்றார். "பசிச்சுது."

தளவாய் சார் இருமி அதில் சிரிப்பை மறைத்துக்கொண்டார். நாலு துண்டு விருந்தாளிகளுக்குப் போயிற்று. டீ முடிந்தது. மாடல் வீட்டையும் அதன் கன்வீனரையும் பாராட்டிவிட்டு எல்லாரும் கிளம்பினார்கள்.

வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்த சூடாமணி, கடைசித் துண்டைப் பாதியாக ஒடித்துச் சேஷனின் உள்ளங்கையில் வைத்தாள். குனிந்து, புடவைத் தலைப்பால் மீராவின் முகவாயைத் துடைத்தாள்.

"தின்னது மதிடீ மீரா. ஆறு மாசம் பட்ட பழிக்கு இவ்வளவு போறும். பின்னே, அந்த மூடியைத் தெறக்க நான் சொல்லிக்குடுத்த வித்தையை மட்டும் அப்பாகிட்டே சொல்லிடாதே."