கடலைக்காட்டில் கிடந்த வேட்டி

“…அதனால, எங்க பெரியப்பா வேட்டிய அவுத்துக் குடுத்துட்டு, பொறவு பொண்ணு பாருங்க” என்றாள் செல்வி. நான் பார்க்கப் போன பெண் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அவளுடைய பெரியப்பாவோ செத்து வெகுகாலமாகியிருந்தது.

பெண் பார்க்கப் போகிறவனுக்கு அறிவு குறைவாக இருக்கலாம். வேட்டி வெள்ளையாக இருந்தாக வேண்டும். (அன்று எனக்கு முதலாவது மட்டும்தான் கைவசம் இருந்தது.)

தை மாதம். விடிந்ததுமே நல்ல நேரம். வீட்டார் வேனில் பின்னால் வர, நான் தூத்துக்குடியிலிருந்து இரவல் பைக்கில் முந்திக்கொண்டேன். வேம்பாருக்கு மேற்கே கரிசல் பாதையில் திரும்பியதும் வண்டி சறுக்கியது. எழுந்து பார்த்தால் தொடையெல்லாம் சிராய்ப்பு, வேட்டியெல்லாம் சகதி.

சுற்றிலும் கொண்டைக்கடலைக் காடு. பனிமூட்டம். கடல்காற்றுகூட நின்றுபோயிருந்தது. ஒரு தத்துக்கிளி துள்ளவில்லை, ஒரு வண்டு முனகவில்லை. உயிருள்ளதெல்லாம் சொல்லிவைத்து ஒதுங்கிக்கொண்ட இடம் மாதிரி இருந்தது. நடுவே வெள்ளையாக ஒன்று, ஆள் நீளத்துக்கு, மல்லாந்து கிடந்தது.

கிட்டே போனேன். வேட்டி! ஈரமாக இருந்தது. யாரோ காயப்போட்டு மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். (பனியில் எவன் காயப்போடுவான் என்று கேட்டுக்கொள்ளத்தான் அறிவு வேண்டுமே.) என்னுடையதை அங்கேயே போட்டுவிட்டு அதை உடுத்திக்கொண்டேன்.

வேனும் வந்து சேர, எல்லோருமாகச் செல்வி வீட்டில் போய் உட்கார்ந்ததும் ஆரம்பித்தது. யாரோ நகத்தால் தொடையைக் கீறினார்கள். குனிந்தேன்; யாருமில்லை. பிறகு முழங்காலில். எதிர்ச்சுவரில் மாலை போட்ட படத்தில் மீசைக்காரர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உடுத்தியிருந்தது பச்சைக்கரை வேட்டி. என் இடுப்பைப் பார்த்தேன். அதே கரை.

“ஏன் தம்பி நெளியுதீய?” என்றார் செல்வியின் அப்பா.

“அண்ணாச்சி… படத்துல இருக்கவரு என்னயக் கிள்ளுதாரு.”

என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். செல்வியின் அப்பா என் வேட்டிக்கரையைக் கவனித்தார்.

“கிள்ளுதது எங்க அண்ணன் இல்ல தம்பி, செடி! கடலைச்செடி மேல பூனைமயிரா இருக்கும், அதுல புளிப்புத் தண்ணி கசியும். பூச்சி வாய் வச்சா எரியும், ஓடிரும். காய்ப்புழு மட்டும் வெக்கமில்லாம வரும். ராத்திரி வேட்டிய விரிச்சா அந்தப் புளிப்பு பனியோட எறங்கும். விடியப் பிழிஞ்சு வயித்துவலிக்கு வச்சுக்கிடுவோம். அண்ணன் வேட்டியத்தான் வருசாவருசம் விரிக்கது.”

“செடி இவரயும் புழுன்னு நெனச்சிட்டு போல” என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். (அந்த ஊரில் இன்றுவரை எனக்குப் பெயர் ‘புழு’தான்.)

குரலுக்குரியவள் வெளியே வந்தாள். “வயித்துவலிக்காரங்க ரெண்டு பேரு இந்த வீட்ல காத்துக் கெடக்காவ…” என்று தொடங்கி, மேலே எழுதியதைச் சொல்லி முடித்தாள்.

அவள் அப்பாவின் லுங்கியைக் கட்டிக்கொண்டு வேட்டியை நீட்டினேன். சம்பந்தம் அவ்வளவுதான் என்று அம்மா செருப்பைத் தேடினாள். நான் ஜன்னல் வழியே பார்த்தேன்; பனி விலகியதும் அந்தக் கடலைக்காடு வீட்டுக்குப் பின்னாலேயே தெரிந்தது.

செல்வி பெரியப்பா வேட்டியைச் செம்பில் பிழிந்துவிட்டுக் காட்டுக்குள் கொண்டுபோய் மறுபடி செடிமேல் போட்டாள். நான் போட்டுவந்த சகதி வேட்டியை எடுத்து, பம்புசெட்டில் அலசி உதறி, பெரியப்பா வேட்டிக்குப் பக்கத்தில், கரையோடு கரை ஒட்ட, செடிமேல் விரித்துப்போட்டாள்.