டிரைவர் கட்டிய புடவை

அன்று நூலக மாடியில் இருந்தவர்கள்: இலங்கையிலிருந்து வந்திருந்த நாவலாசிரியர் அம்மா. தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வாசகர் வட்டச் செயலாளர் சுமதி. சுமதியின் அண்ணன் பாபு, என் கூட்டாளி. மாதாமாதம் வருகிறவர்கள் பத்துப் பேர். அப்புறம் நான்.

நான் எட்டாவது வரை படித்தவன். ஆரணியில் பட்டுத்தறி நெய்கிறேன். அதிகம் பேசமாட்டேன். (தறிச் சத்தத்தில் பேசினாலும் யாருக்கும் கேட்காது.) இலக்கியக் கூட்டத்துக்கு நான் போனது சுமதிக்காக. மறைத்துப் பயனில்லை, தெருவுக்கே தெரியும்.

பாபு என்னைத் தன் தங்கைக்குப் பார்த்திருந்தான். இரண்டு வீட்டிலும் சரி என்றார்கள். தபால் ஆபீஸில் வேலை செய்கிற சுமதி மட்டும் ஒரு நிபந்தனை வைத்தாள். “இந்த மாசம் இலங்கையோட இன்றைய நாவல்கள் பத்தி கூட்டம். அவரு ஒரு நாவல் படிச்சிட்டு வந்து பேசட்டும். கேட்டுட்டு சொல்றேன்.”

பாபு அந்த இலங்கை அம்மாவின் நாவலைக் கொண்டுவந்து தறி மேல் வைத்தான். தடியாக இருந்தது.

“இன்னாடா இது?” என்றேன்.

“உன் கல்யாணம்டா. படி.”

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பட்டுப் புடவையை வியாபாரி முழுக்கப் பிரித்துப் பார்ப்பதில்லை. பார்டரைப் பார்ப்பார். முந்தானையைப் பார்ப்பார். நடுவில் ஒரு முழம் விரிப்பார். உடல் முழுக்க ஒரே மாதிரிதான் ஓடும் என்று அவருக்குத் தெரியும். மடித்து வைத்துவிடுவார். நானும் நாவலை அப்படியே படித்தேன். முதலில் பதினைந்து பக்கம். கடைசியில் பத்து. நடுவில் நான்கு. நடுவில் மழை பெய்துகொண்டிருந்தது.

முதல் பக்கங்களில் ஒரு பஸ் டிரைவர் “நான், நான்” என்று தன் கதையைச் சொல்கிறார். ஆறடி உயரம், பெரிய மீசை. கடைசிப் பக்கத்தில் “நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினேன்” என்று வந்தது. இரண்டு முறை படித்தேன். அதேதான் இருந்தது. பாபுவிடம் கேட்டேன்.

“இந்தக் காலத்து எழுத்து அப்டிதான்டா. புதுசா எதுனா வந்தா துணிச்சல்னு சொல்லிடு” என்றான். (அவன் ஒரு பக்கமும் படித்திருக்கவில்லை.)

நான்கு வாக்கியம் தயார் செய்துகொண்டு போனேன். என் முறை வந்தது. எழுந்தேன்.

“வணக்கங்க. நாவல் நல்லா இருந்திச்சி. மழை நல்லா பெய்யுது. டிரைவரு கடைசில புடவை கட்டிகினு ஆத்துல எறங்கறது பெரிய துணிச்சல்.”

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். சுமதி நிமிர்ந்து பார்த்தாள். ஆர்வம் என்று நினைத்துவிட்டேன். தொழில் தெரிந்தவன் என்று காட்டத் தோன்றியது.

“ஒரு கொறை மட்டும் இருக்குதுங்க. ஆறடி ஆளுக்கு அஞ்சரை மீட்டர் புடவை பத்தாது. கணுக்காலு தெரியும். எழுதறவங்க அத்த கவனிச்சிருக்கலாம்.”



தமிழாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “யாரு தம்பி புடவை கட்டிகினது?”

“டிரைவருங்க.”

நாவலாசிரியர் அம்மா என்னை மெதுவாகப் பார்த்தார். “தம்பி, அவர் எண்பதாம் பக்கத்திலயே காய்ச்சல் வந்து செத்துப்போனார்.”

“அப்போ ஆத்துல எறங்கனது?”

“அவருடைய மனிசி. பெண்சாதி. எண்பதுக்குப் பிறகு முழுக்க அவதான் கதை சொல்றா.”

பத்துப் பேரும் சிரித்தார்கள். பாபு படியிறங்கிப் போய்விட்டான். சுமதி சிரிக்கவில்லை.

“எத்தினி பக்கம் படிச்சீங்க?” என்றாள்.

சொன்னேன். புடவை பார்க்கிற விதத்தையும் சொன்னேன்.

“நாளைக்கு என்னையும் அப்டிதான் பாப்பீங்களா? ஓரத்துல கொஞ்சம், நடுவுல ஒரு முழம்?”

தயார் செய்ததெல்லாம் தீர்ந்திருந்தது.

கீழே பாபு வண்டியில் உட்கார்ந்திருந்தான். “போச்சுடா மச்சி. அவ ஒத்துக்க மாட்டா” என்றான். வீடு வரை வேறு பேச்சில்லை.

மறுநாள் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பத்தொன்பது நாள் ஆயிற்று. முடித்ததும் தபால் ஆபீஸுக்குப் போனேன். வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

“இன்னா வேணும்?” என்றாள்.

“ஒண்ணும் வேணாங்க. முழுக்கப் படிச்சிட்டேன். ஒரு எடத்துல அழுதுட்டேன்.”

“டிரைவர் செத்த எடமா?”

“இல்லீங்க. அதுக்கப்புறம் புது டிரைவர் அந்தத் தெருவுல ஹாரன் அடிக்கறாரு. அந்தம்மா சோத்துத் தட்டோட வாசலுக்கு ஓடியாந்து நிக்கறாங்க. அங்க.”

அவள் கொஞ்ச நேரம் முத்திரை குத்தவில்லை. பின்னால் நின்றவர், “ஜல்தி ஆவட்டும்மா” என்றார். நான் நகர்ந்துவிட்டேன். சாயங்காலம் பாபு வந்து தேதி கேட்டான்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம். இந்தக் கதையை யார் வந்தாலும் சுமதி சொல்லுவாள். கண்ணமங்கலத்துச் சித்தி வீட்டில் சொன்னாள். பள்ளியில் எங்கள் பெண்ணின் டீச்சரிடம் சொன்னாள். சிலிண்டர் போட வந்தவரிடமும் சொன்னாள், அவர் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். நான் குறுக்கே பேசுவதில்லை. தறியில் உட்கார்ந்தபடி எண்ணி வைத்துக்கொள்கிறேன்.

நேற்றோடு அறுபத்து மூன்று.