திட்டப்பலகையைக் கடலுக்குள் கொண்டுபோன மருமகனுக்கு

பாலமீன்மடு,
செவ்வாய்க்கிழமை.

முந்தாநாள் காலை வரைக்கும் என் அன்புக்குரியவனாக இருந்த மருமகன் திவாகரனுக்கு, மாமா நல்லரத்தினம் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் மாமி இலட்சுமிப்பிள்ளையும் மாமாங்கப் பிள்ளையார் கிருபையால் சுகம். உன் சுகத்தைக் கேட்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணித்தியாலம் அதைத்தான் கடலிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். போனில் ஏசினால் நீ "ஓம் மாமா, ஓம் மாமா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

கடலுக்கடியில் யாரும் இறங்காத இடம் பார்க்க வேண்டும் என்று நீ கேட்டதால், வலைகளைக் கிழிக்கிற அந்தக் கடலடிப் பாறைக்கு, நம் பாருக்கு, உன்னையும் உன் கூட்டாளி றிஸ்வியையும் என் படகில் கொண்டுபோய் நங்கூரம் போட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஆள் நீ இல்லை, அதையும் சொல்ல வேண்டும். எத்தனை பாகம் ஆழம் என்று கேட்டாய், நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்தாய், சிலிண்டர் காற்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு என்று பிரித்தாய். எத்தனை மணிக்கு மேலே வருவது, எந்த இடத்தில் வருவது, ஒருவரை ஒருவர் காணாவிட்டால் என்ன செய்வது, எல்லாவற்றையும் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதினாய். பிறகு அந்தப் பலகையை இடுப்பில் கொளுவிக்கொண்டு கடலுக்குள் குதித்துவிட்டாய். ஏன் மனே, சூரை மீனுக்கு வாசிச்சுக் காட்டவா? படகில இருக்கிற மனிசன் எதைப் பாக்கிறது?

நீங்கள் கேட்டிருக்கலாமே என்பாய். எப்படிக் கேட்பது? புறப்படுகிற ஆளிடம் எப்ப வருவாய் என்று கேட்டால் போன காரியம் கெடும். முப்பத்தைந்து வருடமாக நான் கடலுக்குப் போகும்போது உன் மாமி ஒருநாளும் கேட்டதில்லை, கேட்டவர்களை ஏசியிருக்கிறாள். கேள்வி நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். நான் கேட்காததால் நீயும் சொல்லவில்லை. அரை மணித்தியாலம் குமிழி தெரிந்தது, பிறகு இல்லை. அது உன் திட்டமா, ஆபத்தா? நான் அங்கேயே நிற்பதா, தேடிப் போவதா? நீரோட்டம் உங்களை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று வடக்கே ஓடினேன். மிதந்த போத்தலையெல்லாம் உன் தலை என்று நினைத்தேன். ஒரு ஆமையைப் பார்த்தும் "திவாகரன்!" என்று கத்தினேன், அது ஒன்றுதான் திரும்பிப் பார்த்தது. வெல்லாவெளியில் இருக்கிற என் தங்கச்சிக்கு, உன் அம்மாவுக்கு, என்ன சொல்வது? அவளுக்கு இருக்கிறது நீ ஒரு பிள்ளை. மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், முதல் சொல்லே வரவில்லை மனே. தனியே இருந்து அழுதேன். அழ வைத்ததற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

பெற்றோல் முடியிற தறுவாயில கரைக்கு வந்து பாத்தா, நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் மீன்பிடிக்க வந்த மஜீட் நானாட படகில ஏறி எப்பவோ வந்து, அவர்ட வீட்டில நண்டுக்கறியோட சோறு தின்னுறீங்க! என்னைக் கண்டதும் நீ கேட்டாய் பார் ஒரு கேள்வி, "எங்க மாமா போனீங்க?" எண்டு. நானா போனேன்?

இனிமேல் என் படகில் உன் கால் படக்கூடாது. புது இடம் பார்க்க ஆசையென்றால் கொழும்பில் உன் அறைக்குப் பக்கத்தில் உள்ள கிணற்றைப் பார், அதுவும் எட்ட நின்று. மாமி உனக்குக் கட்டித் தயிர் அனுப்பச் சொன்னாள், அனுப்பவில்லை. றிஸ்விக்கு என் ஏச்சில் பாதியைக் கொடு. நீ நூறாண்டு வாழ வேண்டும், அவ்வளவும் தரையில் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
கோபம் தணியாத மாமா,
நல்லரத்தினம்.

பி.கு.: மாமிக்கு இதைச் சொல்லாதே. உங்களைத் தேடிப் போக நங்கூரத்தை இழுத்தபோது கயிறு மட்டும் வந்தது. நுனி அறுந்திருக்கவில்லை, அவிழ்ந்திருந்தது. முடிச்சுப் போட்டது நான்தான். ஆகவே நீங்கள் எழுதிய நேரத்துக்கு, எழுதிய இடத்தில்தான் வந்திருக்கிறீர்கள். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது என்னை. நங்கூரம் இன்னும் அந்தப் பாரில் கிடக்கிறது, அதை எடுக்க உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை. வருகிற ஞாயிறு விடிய ஐந்தரைக்கு வா. இறங்குமுன் என் முடிச்சை நீ ஒருக்கா இழுத்துப் பார்.