கள்ளன் யாரென்று சொல்லாதீர்கள்

"அந்த ஆடு ஈக்கே, அது கப்பல்ல ஏறி..." என்று பைறோஸா வாயெடுத்ததுதான் தாமதம். அலவி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு ஏழாம் வாய்ப்பாட்டை உரத்துச் சொல்லத் தொடங்கினார்.

வெள்ளவத்தையில் அலவியின் கர்ட்டன் கடைக்கு வருஷக் கணக்காக வந்துபோகிறவர் பைறோஸா. எடுத்த துணியை அப்படியே போட்டுவிட்டு, "கதைக்க விருப்பமில்லாட்டி நேரா சொல்லுங்களே!" என்று இறங்கிப் போய்விட்டார்.

அலவியைக் குறை சொல்லிப் பயனில்லை. 'புதையல் குடும்பம்' ஐந்தாம் பாகம் வந்து ஊரே பார்த்துவிட்டது. ஒரு வாப்பா, ஒரு உம்மா, வாய் ஓயாத பிள்ளைகள், ஒரு மாமா, ஒரு ஆடு என்று ஒரு கூட்டமே புதையல் தேடிப்போய் வாங்கிக்கட்டிக்கொண்டு வரும் படம். மகள் நுஹா சின்னவளாக இருந்த காலத்திலிருந்து ஒவ்வொரு பாகத்தையும் அவளும் அவரும் சேர்ந்துதான் பார்ப்பது. இந்த முறை நடுவில் கெம்பஸ் பரீட்சை வந்துவிட்டது.

"எக்ஸாம் முடியட்டும் வாப்பா. அதுவரைக்கும் கதைய ஒருத்தர்ட்டயும் கேக்கப்படாது. மூணாம் பாகம் ஞாபகம் ஈக்கா?"

எப்படி மறப்பார்? அப்போது கதையை முன்கூட்டியே கேட்டுத் தொலைத்து, பகிடி வருவதற்கு முந்தியே சிரித்துவிட்டார். நுஹா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அவளுக்கு நிக்காஹ் நிச்சயமாகிவிட்டது. அடுத்த மாதம் மாப்பிள்ளையோடு டோஹாவுக்குப் போகிறாள். ஆறாம் பாகத்தை அவர் யாரோடு போய்ப் பார்ப்பது?

இதெல்லாம் மனைவியின் தம்பி ரிம்ஸானுக்கு விளங்காது.

"மச்சான், அஞ்சு பாகமும் ஒரே சோறு. பீங்கான்தான் வேற. இதுல கேக்கக்கூடாத கதை என்ன ஈக்கு?"

"ஒனக்கு ரசிக்கத் தெரியாது. ஒவ்வொண்டும் புதுசுடா!"

"சரி, புதுசுதான். இந்த முறை அந்த மாமா..."

அலவி செருப்பும் போடாமல் தெருவுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது காது இரண்டிலும் பஞ்சு இருந்தது.

பஞ்சு நன்றாகவே வேலை செய்தது. அதுதான் வினையாகிவிட்டது. மனைவி பஹ்மியா குசினியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள், கடைசியில் சட்டிமூடியைக் கீழே போட்டும் பார்த்தாள். மனிதர் அசையவில்லை. "கலியாண வீட்ட வெச்சிக்கிட்டு இவருக்குக் காது போயிட்டே!" என்று அழுதபடி கையோடு டொக்டர் சவுந்தரநாயகத்திடம் இழுத்துப் போனாள்.

டொக்டர் பஞ்சை எடுத்தார். "காது சுத்தமாத்தான் கிடக்கு. எதுக்கும் ஒருக்காச் சோதிப்பம். நான் குசுகுசுத்துச் சொல்லுறதை நீங்கள் சத்தமாத் திருப்பிச் சொல்லுங்கோ."

அலவி தலையாட்டினார். டொக்டர் குனிந்து, முதல்நாள் பேரப்பிள்ளைகளோடு படம் பார்த்த சந்தோஷத்தில், காதுக்குள் சொன்னார்: "புதையல் குடும்பத்திலை மாமாதான் கள்ளன்."

"மாமாதான் கள்ளனா!" அலவி போட்ட சத்தம் கதவைத் தாண்டிப் போயிற்று.

வெளியே நம்பரோடு காத்திருந்தவர்கள் கொதித்து எழுந்தார்கள். "நாங்கள் நாளைக்கல்லோ போக இருந்தனாங்கள்!" என்று ஒரு அம்மா சண்டைக்கு வந்தார். அவரைச் சமாதானப்படுத்த வந்த பெரியவர், "அதை விடுங்கோ அக்கா, முடிவில புதையல் பெட்டிக்குள்ள அவையின்ர குடும்பப் போட்டோதானே கிடக்கும்!" என்று மிச்சத்தையும் போட்டுடைத்தார்.

அலவிக்குக் காது பழுதில்லை என்று டொக்டர் அனுப்பிவைத்தார். பழுதாகவே இருந்திருக்கலாம் என்று அலவி நினைத்தார்.

இனிச் செய்ய ஒன்றுதான் இருந்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்று திடுக்கிட்டுப் பழகினார். வாயைப் பிளந்தார். நெஞ்சில் கை வைத்தார். அதைக் கதவிடுக்கால் கண்ட பஹ்மியா, இப்போது காதை விட்டுத் தலையைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினாள்.

பரீட்சை முடிந்த மறுநாளே வாப்பாவும் மகளும் கிளம்பினார்கள். காலி வீதி நெரிசலில் ஓட்டோ நகரவே இல்லை. தியேட்டருக்குள் நுழையும்போது பெயரெல்லாம் ஓடி முடிந்து படம் தொடங்கியிருந்தது. டோர்ச் காட்டும் ஹியூபேட் இருவரையும் இருட்டில் சீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். பாகம் தவறாமல் வருகிற வாப்பாவையும் மகளையும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

அலவி திரையை எங்கே பார்த்தார்? நுஹா சிரித்தால் சிரிக்க வேண்டும், அவளுக்கு முந்திவிடக் கூடாது. கண் முழுக்க அவள் முகத்தில்தான் இருந்தது. அவளும் அடிக்கடி அவரையே பார்த்தாள். வாப்பாவின் மேல் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று அவருக்குக் கண் கலங்கியது.

ஆடு தண்ணீரில் விழுந்தது. மாமா அகப்பட்டார்.

"யா அல்லாஹ், மாமாவா!" அலவி நெஞ்சில் கை வைத்தார்.

"வாப்பா! நான் நினைக்கவே இல்ல!" நுஹா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெட்டி திறந்து குடும்பப் போட்டோ வெளியே வந்தபோது இரண்டு பேரும் உண்மையாகவே அழுதார்கள்.

வாசலுக்கு வந்ததும் அலவிக்கு ரிம்ஸானின் சோறும் பீங்கானும் நினைவுக்கு வந்தன. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஹியூபேட்டிடம் சொன்னார்: "இந்தா பாருங்க, வந்த பாகம் எல்லாத்திலயும் இதுதான் புத்தம் புதுசு!"

ஹியூபேட் தலையைச் சொறிந்துகொண்டு நுஹாவின் பக்கம் திரும்பினார்.

"ஸொரி மிஸ். நேத்து ப்ரெண்ட்ஸோட வந்து நீங்க பாத்திட்டுப் போன அஞ்சாம் பாகம் இன்டைக்கு மெஷின்ல ஓடல்ல. அதான் தொடங்க முந்தியே எல்லாருக்கும் சொல்லிட்டு, பழைய நாலாம் பாகத்தையே போட்டோம்."