லாஸ்லெஸ் சாமியார்

சங்கராபுரம் பேருந்து நிலையத்தில் யார் இறங்கினாலும் ஆட்டோக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: "சாமி கொட்டாய்க்கா?"

வேப்பிலையும் உடுக்கையும் பழசாகிவிட்டன. ஆதிமூலம் சாமியார் பேயை விரட்டுவது ஆளுயர ஸ்பீக்கரில். தாலாட்டு இல்லை, இடியும் ரம்பமும் சண்டை போடுகிற எலக்ட்ரானிக் இரைச்சல்.

"எம்பி3-ல மந்திரத்தப் பாதி நசுக்கிடுறான். இது லாஸ்லெஸ்! ஒரு துளி சத்தம் கொறையாது. பேய் நிக்குமா?" என்பார்.

எப்படி நிற்கும்? பேய்க்கும் காது வலிக்குமே!

கல்வராயன் மலையிலிருந்து சாமியம்மாள் தன் கணவன் மாதனை அழைத்து வந்திருந்தாள். வலிப்பு நோய், மாத்திரையில் இரண்டு வருடமாக அடங்கியிருந்தது; சாமியாரிடம் போனால் அடியோடு தீர்ந்துவிடும் என்று நம்பி வந்தாள். "மாத்திரை பேய்க்குத் தீனி" என்றார் சாமியார். அவள் தூக்கி எறிந்தாள். ஒரே வாரத்தில் மாதன் மூன்று முறை விழுந்தான்.

"பாத்தியா, பேய் பயந்துக்கினு துள்ளுது!"

கள்ளக்குறிச்சியில் சவுண்டு சர்வீஸ் கடை வைத்திருக்கும் பவானி, ஸ்பீக்கரைப் பழுதுபார்க்க அன்று வந்திருந்தாள். இதைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாமி, இது மந்திரம் இல்லீங்க. எவனோ வெளிநாட்டுக்காரன் கம்ப்யூட்டர்ல போட்ட ஆல்பம். நானும் லாஸ்லெஸ்லதான் கேக்கறேன். அடி ஒவ்வொண்ணும் நெஞ்சுல எறங்கும், நடுவுல வர்ற சின்ன மூச்சுகூடக் கேக்கும். பேய் மட்டும் கேட்டதே இல்ல."

"உன் காதுல தோஷம்! எம்பி3 போட்டா என் ஒடம்பு கல்லு. லாஸ்லெஸ் போட்டா அருள் தானா எறங்கும்!"

"அப்டீன்னா திரும்பி நில்லுங்க. நான் போடறேன். எது இன்னான்னு சொல்லுங்க."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. சாமியார் திரும்பி நின்றார்.

முதல் முறை ஆடினார். "லாஸ்லெஸ்!" இரண்டாம் முறை கல். மூன்றாம் முறை முடி அவிழ ஆட்டம். நான்காவது மறுபடியும் கல். ஐந்தாவதில் தரையில் உருண்டார்.

பவானி போனைக் கூட்டத்திடம் காட்டினாள். "அஞ்சு தடவையும் ஒரே பாட்டுதாங்க. வாட்ஸ்அப்ல வந்த எம்பி3!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அருள் முழுவதும் காலுக்கு இறங்கிவிட, சாமியார் பின்வாசல் வழியாகப் பறந்தார்.

சாமியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "என் கையாலயே எறிஞ்சேனே" என்று விம்மினாள். பவானி இருவரையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அன்றே மாத்திரை கிடைத்தது.

திரும்பும் வழியில் மாதன் கூச்சத்தோடு கேட்டான்: "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு, பொண்ணு. இன்னொரு வாட்டி போடறியா?"

பவானி ஹெட்போனை மாட்டிவிட்டாள். யாரும் விரட்டாமலே அவன் தலை தாளத்துக்கு ஆடியது.

சத்தத்தில் ஒரு துளி குறைந்தால் பதறுகிறோம். இரண்டு காதுக்கும் நடுவில் உள்ள சரக்கை எவனோ நசுக்குகிறானே, அதற்கு எப்போது பதறப்போகிறோம்?