தக்காளிக் கட்டுரையில் ஒரு லிஃப்ட்

இந்த ஆண்டு எப்படியும் தொங்கிவிடுவது என்று கணினிக்காரர் தீர்மானித்தார். பதற வேண்டாம். பல்கலைக்கழக நுழைவு மண்டபத்தில், சட்டம் போட்ட படமாகத்தான்.

அந்தப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கொரு ஆய்வுத் தொகுதி வெளியிடும். மருத்துவம், கணினி, நிதி, வேளாண்மை என்று நான்கு துறை. துறைக்கு ஒரு கட்டுரை. நான்கில் எது சிறந்ததோ அது முதல் கட்டுரை. எழுதியவரின் படம் ஓராண்டுக்கு மண்டபத்தில் தொங்கும். போன ஆண்டு தொங்கியவர் கணினிக்காரரின் மனைவி. அதற்கு முந்தின ஆண்டும் அவரே. அந்தச் சிரித்த முகத்தைத் தாண்டித்தான் கணவர் தினமும் தன் துறைக்குப் போக வேண்டும். ஒரு மனிதனுக்கு வேலைக்குப் போகிற வழியில் இதைவிடப் பெரிய மேடு என்ன இருக்க முடியும்?

மனைவி வேளாண்மைத் துறை. எல்லோருக்கும் அவர் ‘தக்காளி மேடம்’. கணவருக்கும் ஒரு பட்டம் கிடைத்திருந்தது: ‘தக்காளி மேடம் வீட்டுக்காரர்’. வாசல் காவலாளிகூட அப்படிச் சொல்லித்தான் வணக்கம் வைப்பார். “வீட்டையும் பாத்துக்கிட்டு ஆராய்ச்சியும் எப்படி மேடம் பண்றீங்க?” என்று மேடத்தை ஆயிரம் பேர் கேட்டாயிற்று. கணினிக்காரரை ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர் வீட்டைப் பார்த்துக்கொள்வதில்லை என்ற உண்மை வெளிவந்திருக்கும்.

இந்த ஆண்டு அவர் கையிலும் ஒரு கண்டுபிடிப்பு இருந்தது. மூன்று ஆண்டு உழைப்பு, எட்டுக் கட்டடம், பதினொரு லிஃப்ட். ‘மின்தூக்கிகளின் காத்திருப்பு’ என்ற பெயரில் இதன் முதல் பகுதியை முன்பே ஒரு சிறிய ஆய்விதழில் வெளியிட்டுமிருந்தார். முடிவு: நாம் எந்த மாடியில் நிற்கிறோமோ, லிஃப்ட் அந்த மாடியில் இருப்பதில்லை. மாடிப்படியில் மூச்சு வாங்குகிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்களிடம் வரைபடம் கிடையாது.

மருத்துவத் துறையின் கட்டுரை வயிற்றெரிச்சல் பற்றியது. அதற்குக் கணினிக்காரரை யாரும் பரிசோதிக்காதது அறிவியலுக்குப் பெரிய நஷ்டம். நிதித் துறையின் கட்டுரை, பக்கத்து வீட்டுக்காரன் லாபம் பார்த்த பிறகே மனிதர்கள் பங்கு வாங்குகிறார்கள் என்றது. இரண்டும் சுமார்தான் என்று பேச்சு. போட்டி லிஃப்டுக்கும் தக்காளிக்கும்தான். தக்காளி விழுந்தால் லிஃப்ட் ஏறும்.

இங்கேதான் விதி, ஒரு மின்னஞ்சலாக வந்தது.

அந்தத் தொகுதிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு துறையின் கட்டுரையை வேறு துறைக்காரர்தான் மதிப்பிட வேண்டும். புரியாதவருக்குப் புரிந்தால்தான் அது கட்டுரை என்பது தொகுப்பாசிரியரான மருத்துவத் துறை டாக்டரம்மாவின் கொள்கை. எழுதியவர் பெயரை நீக்கித்தான் அனுப்புவார்கள். மதிப்பிட்டவர் பெயரும் எழுதியவருக்குத் தெரியாது. யார் எழுதியது என்று தெரிந்துவிட்டால், மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

கணினிக்காரருக்கு வந்த கட்டுரையிலும் பெயர் இல்லை. காய் பழுக்கிற வாரத்தில் தண்ணீரைப் பாதியாகக் குறைத்தால் தக்காளி வெடிக்காது என்று சொன்ன கட்டுரை அது. படம் ஒன்று, தொட்டி. படம் இரண்டு, செடி. படம் மூன்றில் பழுத்த தக்காளிக்குப் பின்னால், கொடியில், இடப்பக்கம் கிழிந்த அவருடைய கோடு போட்ட பனியன் காய்ந்துகொண்டிருந்தது.

திருப்பி அனுப்பினாரா? தெரிந்தவர் எழுதியது என்றால்தானே திருப்ப வேண்டும். மனைவியை முழுதாகத் தெரிந்தவன் எவன் இருக்கிறான் என்று தனக்குத்தானே வாதாடினார். எதிர்வாதத்துக்கு ஆளில்லாத வழக்கு, உடனே ஜெயித்தது. கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் மதிப்பீடு எழுதினார். லிஃப்ட் கட்டுரையைக்கூட அவர் அவ்வளவு ஊக்கமாக எழுதியதில்லை.

நான்கு நாள் கழித்து, சாயங்காலத் தேநீரோடு மேடம் ஒரு தாளை எடுத்து வந்தார்.

“ஏங்க, இதைக் கேளுங்களேன். என் கட்டுரையை எவரோ ஒரு மகானுபாவர் மதிப்பீடு பண்ணியிருக்கார்.”

“அப்படியா? யாராம்?” என்றது செய்தித்தாள். பின்னால் கணினிக்காரர் இருந்தார்.

“பேர்தான் வராதே. ஆனா தான் பெரிய அறிவாளின்னு அவரே நம்பறார். அது மட்டும் நல்லாத் தெரியுது.”

செய்தித்தாள் லேசாக ஆடியது.

“‘முடிவு நம்பும்படி இல்லை. மறுபடி செய்து பார்க்கவும். இம்முறை எல்லாத் தொட்டிகளையும் சூரியன் வருமுன் ஒருமுறையும், மறைந்தபின் ஒருமுறையும், இருபத்தொரு நாள் எடை போடவும்.’”

“நியாயமாத்தானே இருக்கு.”

“‘ஒவ்வொரு பழத்தின் வெடிப்பையும் நூல் பிடித்து அளக்கவும்.’”

“அறிவியல்னா அளவு முக்கியம்மா.”

“‘கணக்கு முழுவதையும் கணினித் துறையில் தேர்ந்த ஒருவர் மறுபடி போட வேண்டும்.’”

“ஆள் விவரமானவர்தான்.”

“கடைசியைக் கேளுங்க. ‘மின்தூக்கிகளின் காத்திருப்பு என்ற அரிய ஆய்வை இக்கட்டுரையாளர் படிக்காதது வருந்தத்தக்கது. அவசியம் மேற்கோள் காட்டவும்.’ தக்காளிக்கும் லிஃப்டுக்கும் என்னங்க சம்பந்தம்?”

நுணலும் தன் வாயால் கெடும். தவளைக்காவது அது கத்தும்போது புரியாது. இவர் மெத்தப் படித்தவர். தன் கட்டுரையைத் தானே புகழ்ந்து எழுதிவிட்டு, அதில் தப்பே தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

“தண்ணி... தண்டு வழியா மேல ஏறுது இல்ல? லிஃப்டும் மேல ஏறுதே!”

“ஓஹோ. ஆனா அது உங்க கட்டுரையாச்சே?”

“அட, ஆமா! பாரேன், யார் யாரோ படிக்கறாங்க!”

“அதை இதுவரைக்கும் ரெண்டு பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க. ரெண்டு பேரும் நீங்கதான்.”

“இப்ப மூணாவது ஆள் கிடைச்சுட்டார்!”

மேடம் அவரையே அரை நிமிடம் பார்த்தார். பிறகு சிரித்தார். மண்டபத்தில் தொங்குகிற அதே சிரிப்பு.

மறுநாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பிப் போனார். சாயங்காலம் திரும்பும்போது கையில் ஒரு எடைக்கருவியும் ஒரு நூல்கண்டும் இருந்தன.

“முடிவு பண்ணிட்டேங்க. அவர் கேட்டதை ஒண்ணு விடாம செய்யப்போறோம்.”

“செய்யப்போறோமா?”

“பின்னே? பால்கனியில ரெண்டாவது தடவை வெச்ச செடி காய்ச்சு நிக்குது. எனக்குக் காலையில வகுப்பு. எடையை நீங்க போட்டுடுங்க. கணக்குக்கு ‘கணினித் துறையில் தேர்ந்த ஒருவர்’ வேணுமாம். வீட்டுலயே ஒருத்தரை வெச்சுக்கிட்டு வெளிய எதுக்குத் தேடணும்?”

“எனக்கு எங்கம்மா நேரம்? இதெல்லாம் கொஞ்சம் அதிகமாத் தெரியல?”

“அப்ப தேவையில்லாத வேலைன்னு சொல்றீங்களா? நல்லதாப் போச்சு. மதிப்பீடு பண்ணவர் கேட்டது சுத்தப் பைத்தியக்காரத்தனம்னு என் வீட்டுக்காரரே சொல்றார்னு டாக்டரம்மாவுக்கு இப்பவே எழுதிடறேன்.”

“சேச்சே! தேவையான வேலைதான்! மிக மிகத் தேவையான வேலை!”

பால்கனியில் இருபத்துநாலு தொட்டி. ஈரமண்ணோடு ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தை கனம். விடியுமுன் ஒரு சுற்று, அந்தி சாய்ந்து ஒரு சுற்று. மூன்றாம் நாள் அவருடைய இடுப்பு தனியாக ஒரு மதிப்பீடு எழுதியது. எட்டாம் நாள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தக்காளியின் வெடிப்பில் நூல் பிடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் பால்கனியில் நிதித் துறைப் பேராசிரியர் எட்டிப் பார்த்தார்.

“என்ன சார், காலங்காத்தால தக்காளிக்கு அளவெடுக்கறீங்க? சட்டை தைக்கப்போறீங்களா?”

“ஆராய்ச்சி சார்.”

“உங்களதா?”

“இல்ல... வீட்ல...”

“அடடா! மேடத்துக்கு உதவியா? எவ்வளவு பெரிய மனசு சார் உங்களுக்கு!”

அன்றே அது பல்கலைக்கழகம் முழுவதும் பரவி, எதிர்ப்பட்டவரெல்லாம் கணினிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கேட்கிறேன்: எத்தனை மனைவிகள் கணவரின் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, படியெடுத்து அடுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்! முன்னுரையின் கடைசி வரியில் அந்தக் கணவர்கள் ‘பொறுமை காத்த இல்லத்தரசிக்கும்’ என்று ஒரு ‘உம்’மோடு முடித்துவிடவில்லையா? அப்போது எந்தப் பால்கனி எட்டிப் பார்த்தது? ஒரு ஆண் எட்டு நாள் தொட்டி தூக்கினால் ஊரே கைதட்டுகிறது.

கணினிக்காரர் மட்டும் கைதட்டலில் மயங்கவில்லை. திருத்திய கட்டுரை முறைப்படி மறுபடி தன்னிடம்தான் வரும், அப்போது ஒரே போடாகப் போட்டு நிராகரித்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் அத்தனை தொட்டியையும் தூக்கினார்.

இருபத்தொரு நாள் முடிந்தது. கணக்கைப் போட்டார். போட்டவர் அசந்துபோனார். முடிவு முன்பைவிடப் பிரமாதம். தொட்டியின் எடையை வைத்தே எந்தச் செடிக்கு எப்போது தண்ணீர் தர வேண்டும் என்று சொல்கிற ஒரு கணினி நிரலும் கூடவே பிறந்திருந்தது. லிஃப்டில் மூன்று ஆண்டு ஏறி இறங்கியும் கிடைக்காத ஒன்று, மூன்று வாரத் தக்காளியில் கிடைத்திருந்தது. அந்தப் பெருமையை வெளியே காட்டிக்கொள்ளத்தான் முடியவில்லை.

மேடம் எல்லாவற்றையும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“ஏங்க, இதுல பாதி உங்க உழைப்பு. உங்க பேரையும் என் பேர் பக்கத்துல போட்டுடட்டுமா?”

வாயூறியது அவருக்கு. ஆனால் தானே மதிப்பிட்ட கட்டுரையில் தானே ஆசிரியர் என்று வந்தால்? டாக்டரம்மா தோலை உரித்து மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிடுவார்.

“வே... வேண்டாம்மா.”

“ஏங்க?”

“புகழுக்காகவா செஞ்சேன்? உனக்காகத்தானே!”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் வருத்தப்படக் கூடாது.”

“யோசிச்சுட்டேன். போடவே கூடாது!”

“எவ்வளவு நல்லவருங்க நீங்க! அப்ப, ‘உதவி செய்தேன், ஆசிரியராகப் பெயர் கோரமாட்டேன்’னு இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து போட்டுடுங்க. பல்கலைக்கழக விதி.”

போட்டார். இதயத்தில் போட்ட மாதிரி இருந்தது.

பிறகு திருத்திய கட்டுரைக்காகக் காத்திருந்தார். மின்னஞ்சலை மணிக்கு நான்கு முறை திறந்தார். அது வரவில்லை. ஒரு மாதம் கழித்து அச்சான ஆய்வுத் தொகுதிதான் வந்தது.

முதல் கட்டுரை, தக்காளி. இரண்டாவது, வயிற்றெரிச்சல். மூன்றாவது, பங்கு. கடைசியில் எண்பத்தேழாம் பக்கத்தில் லிஃப்ட் நின்றிருந்தது.

அவசரமாகத் தக்காளியைப் புரட்டினார். தொட்டி எடை இல்லை. நூல் அளவு இல்லை. நிரல் இல்லை. அவர் முதலில் படித்த அதே கட்டுரை, எழுத்து மாறாமல். படம் மூன்றில் பனியன்கூட அப்படியே இருந்தது.

“என்னம்மா இது? நான் போட்ட எடையெல்லாம் எங்க?”

“இதுல எப்படிங்க வரும்? இதைத்தான் அப்பவே ஏத்துக்கிட்டாங்களே.”

“எப்ப?”

“நீங்க எழுதின மதிப்பீடு கைக்கு வந்த மறுநாளே நேரா டாக்டரம்மாகிட்ட போயிட்டேன். ‘இது என் வீட்டுக்காரர் எழுதினது, விதிப்படி செல்லாது’ன்னு சொன்னேன். எப்படித் தெரியும்னு கேட்டாங்க. லிஃப்டைக் காட்டினேன். அதைக் கிழிச்சுப் போட்டுட்டு நிதித் துறை சார்கிட்ட அனுப்பினாங்க. அவர் ஒரே வாரத்துல நல்லா இருக்குன்னுட்டார்.”

கணினிக்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“உங்க கட்டுரையைத் தொகுதியிலேருந்தே தூக்கறேன்னாங்க. மூணு வருஷம் லிஃப்ட்லயே குடியிருந்த மனுஷன், பாவம்னு கெஞ்சிட்டு வந்தேன். அதான் கடைசியிலயாவது இருக்கு.”

“அப்ப... மூணு வாரம் நான் தூக்கின தொட்டி?”

“அது வேற கட்டுரைங்க. இதைவிடப் பெருசு. உலகம் பூரா படிக்கற இதழுக்கு அனுப்பினேன், நேத்துதான் ஏத்துக்கிட்டாங்க.”

வேற கட்டுரை! தான் மதிப்பிடாத கட்டுரை! அப்படியானால் எந்தத் தடையும் இல்லை! கணினிக்காரர் துள்ளி எழுந்தார்.

“அப்ப அதுல என் பேரைத் தாராளமாப் போடலாமே!”

“போடலாம்தான். ஆனா நீங்க கையெழுத்துப் போட்ட தாளும் கூடவே போயிடுச்சுங்க.”