முதுகுதான் சரியில்லை

இது அவர் இல்லை என்ற சந்தேகம் விமர்சனத்துக்கு வந்தபோது, நடிகர் ரிப்பனை வெட்டிவிட்டுக் கடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தார். கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. விமர்சனத்தின் கைகள் மட்டும் பாதியில் நின்றுவிட்டன.

விமர்சனம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அந்த ஃபர்னிச்சர் கடையில் சோபாப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அவர், வருகிறவர்களுக்குக் கட்டிலைக் காட்டினால்கூட, "இந்த மாதிரி கட்டில்லதான் நம்மாளு ஒரு படத்துல உக்காந்து அழுவாரு" என்று ஆரம்பித்துவிடுவார். கூட வேலை செய்கிறவர்கள் கொடுத்த பட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டது. 'நம்மாளு' என்றால் ஒரே ஒரு நடிகர்தான். கடையின் புது மாடியைத் திறந்துவைக்க அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று முதலாளியை நச்சரித்துச் சம்மதிக்க வைத்ததும் விமர்சனம்தான்.

"அக்கா, இது அவர் இல்ல" என்றார் கேஷியரின் காதோரம்.

"யாரு?"

"நம்மாளு."

"கண்ணுல பூ விழுந்திருக்கா? மூஞ்சியப் பாத்தா தெரியல?"

"மூஞ்சிய எவன் வேணா பாக்கலாம்க்கா. முதுகப் பாருங்க. பீரோவக் கட்டித் தூக்கிட்டுப் போற மாதிரி ஏறறாரு."

கேஷியர் அக்கா நடிகரைப் பார்க்கவில்லை. விமர்சனத்தைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

அந்த நடிகரின் கண்ணைப் பற்றியும் சிரிப்பைப் பற்றியும் எல்லோரும் பேசுவார்கள். விமர்சனம் முதுகைப் பற்றிப் பேசுவார். முதல் படத்தில் நம்மாளு நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார் என்பதை விமர்சனமே ஒப்புக்கொள்வார். அதற்குப் பிறகும் முகம் பெரிதாக ஒன்றும் சாதித்துவிடவில்லை. வளர்ந்தது முதுகுதான். தபால்காரராக நடித்த படத்தில், மகள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட, அவர் தெருவில் திரும்பி நடப்பார். கேமரா பின்னாலேயே நிற்கும். இடது தோள் மெல்ல இறங்கும். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்பதுபோல் அதைச் சட்டென்று தூக்கி நேராக்கிக்கொள்வார். அவ்வளவுதான். வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. வேலை போன அன்று தன் அப்பா வீட்டுக்கு வந்தது அப்படித்தான் என்று நினைவு வந்து, விமர்சனம் தியேட்டரில் தேம்பித் தேம்பி அழுதார். பிறகு குத்துச்சண்டைக்காரராக வந்த படத்தில், தோற்றுப்போய் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு காட்சி. கழுத்துக்குக் கீழே ஒரு சின்ன அசைவு, மனுஷன் உள்ளுக்குள் சிரிக்கிறான் என்று தெரிந்துவிடும். படத்துக்குப் படம் அந்த முதுகு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

அந்த முதுகு எங்கே, இந்தப் பீரோ எங்கே?

மாடியில் நடிகர் சோபாக்களைச் சுற்றிப் பார்க்கும்போது விமர்சனம் ஒட்டிக்கொண்டார்.

"சார், அந்தக் கடைசிச் சோபா வரைக்கும் ஒரு தடவை நடந்து போய்ட்டு வாங்களேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். நான் இங்கயே நிக்கறேன். நீங்க திரும்பிப் பாக்காமப் போங்க."

"சோபாவ உக்காந்துதானேய்யா பாக்கணும்?" என்று நடிகர் கைக்கெட்டிய சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்து மறைத்தும்விட்டார்.

தெரிந்துதான் மறைக்கிறான் என்று விமர்சனத்தின் மனசு 'அவரி'லிருந்து 'அவனு'க்கு இறங்கியது.

"தபால்காரர் படத்துல தெருவுல நடப்பீங்களே சார், அந்தத் தோள இறக்கணும்னு எப்படித் தோணிச்சு?"

"எந்தத் தெரு?"

"மக கதவச் சாத்தினப்பறம்."

"தோளா?" நடிகர் தன் தோளையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அதெல்லாம் ஞாபகம் இல்லப்பா. ஒரு காப்பி கிடைக்குமா?"

விமர்சனத்துக்கு வியர்த்துவிட்டது. உயிரைக் கொடுத்து நடித்த காட்சி ஒருவனுக்கு மறக்குமா? போதாததற்கு, நடிகருக்குக் குடை பிடித்து வந்த ஆள் வேறு மடக்கிய குடையோடு பக்கத்தில் நின்று, வைத்த கண் வாங்காமல் விமர்சனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரிதான், இவனும் கூட்டுக் களவாணி. நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டான்.

காப்பி சொல்லப் போகிற சாக்கில் விமர்சனம் ஒரு பெரிய பீரோவுக்குப் பின்னால் ஒதுங்கி மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏய், வந்திருக்கறது போலி. முதுகு வேற மாதிரி இருக்கு."

"கல்யாணமாகி இத்தன வருஷம் ஆச்சு. என் முதுகு எப்படி இருக்கும்னு சொல்லுங்க பாப்போம்."

"அத அப்பறம் பேசலாம்."

"ஒண்ணும் பேச வேணாம். வாயப் பொத்திக்கிட்டுக் கைதட்டுங்க. இருக்கற வேலையும் போச்சுன்னா வீட்டுப் பக்கம் வராதீங்க."

நல்ல யோசனைதான். கேட்டு நடந்திருப்பார். ஆனால் போனை வைத்துவிட்டுத் திரும்பினால் முதலாளி நிற்கிறார்.

"போலின்னியா?"

"இல்லீங்க, கட்டில் காலப் பத்தி..."

"எங்கிட்டயே கட்டில் கால் விடறியா? சொல்லு!"

முதலாளிக்கு ஒருவர் தோல் சோபா என்று சொல்லி ரெக்ஸின் சோபாவை லாரியோடு இறக்கிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து முதலாளி சொந்த நிழலைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார். விமர்சனம் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் கறுத்துவிட்டது.

"ஷட்டர இறக்குடா! ஒருத்தனும் வெளிய போகக் கூடாது!"

காவலாளி தடதடவென்று ஷட்டரை இறக்கினார். வெளியே நின்ற ரசிகர்கள், தங்கள் நாயகனைத் தங்களிடமிருந்து பிரிக்கிறார்கள் என்று நினைத்து ஷட்டரைப் போட்டு அடித்தார்கள். உள்ளே நடிகர், தன்னைக் கடத்துகிறார்கள் என்று நினைத்துச் சோபா மேல் ஏறி நின்றார்.

"என்னய்யா வேணும் உங்களுக்கு?"

"நீங்க நீங்கதான்னு காட்டணும்" என்றார் முதலாளி.

"என் மூஞ்சியப் பாத்தா தெரியலையா?"

"மூஞ்சி சரிதான் சார். முதுகுதான் சரியில்லன்னு எங்க ஆளு சொல்றாரு."

நடிகர் தன் முதுகைத் திரும்பிப் பார்க்க முயன்றார். இடது பக்கம் முடியவில்லை. வலது பக்கமும் முடியவில்லை. கடைசியில் பர்ஸிலிருந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்து வீசினார்.

முதலாளி அதைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார். "பேரு சரியா இருக்கு. ஆனா இதுல இருக்கறவருக்குத் தலையில ஒரு முடிகூட இல்லையே?"

முடியோடு இருந்தால் போலி, முடி இல்லாவிட்டால் நடிகர். பாவம், அவரும் எவ்வளவு நேரம்தான் யோசிப்பார்?

"ஷட்டர் முழுசா இறங்கியிருக்கா?" என்று கேட்டார்.

"இறங்கியிருக்குங்க."

நடிகர் சுவர்ப் பக்கம் திரும்பி, நெற்றியோரம் இரண்டு விரலை விட்டு முடியை லேசாகத் தூக்கிக் காட்டினார். அது கண்ணாடி விற்கிற சுவர் என்பதை அவர் கவனிக்கவில்லை. வரிசையாக மாட்டியிருந்த அத்தனை கண்ணாடியிலும் மொட்டைத் தலைகள் பளபளத்தன. கேஷியர் அக்கா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்.

முதலாளி தடாலென்று நடிகரின் காலைப் பிடித்தார். பிடித்த கையோடு விமர்சனத்தைப் பார்த்து, "நாளைக்கு வராத. நாளன்னிக்கும் வராத" என்றார்.

"சார், மன்னிச்சுடுங்க" என்று விமர்சனம் நடிகரிடம் போனார். "உங்க முதுகு மேல இருந்த மரியாதையிலதான்..."

"இன்னொரு தடவை முதுகுன்ன, நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

ஷட்டர் ஏறியது. நடிகர் முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு, கூட்டத்துக்குக் கையாட்டியபடி படி இறங்கினார். பின்னாலிருந்து பார்த்தால் அதே பீரோ. இப்போது சந்தேகப்படக்கூட வழியில்லை. அசல் பீரோ.

விமர்சனம் விற்பனைக்கு வைத்த சோபாவின் ஓரத்தில், விலை அட்டை கசங்காமல் உட்கார்ந்தார். வேலை போனதுகூட அப்போது உறைக்கவில்லை. இத்தனை வருஷமாகத் திரையில் பார்த்தது என்ன? இல்லாத ஒன்றை இருப்பதாக நினைத்துக்கொண்டா தியேட்டரில் அழுதோம்? கேட்டவரையெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னோமே, அத்தனையும் நம் கற்பனையா?

யாரோ வந்து எதிரே நின்றார்கள். குடைக்கார ஆள். இவர் பங்குக்கும் திட்டிவிட்டுப் போகட்டும் என்று விமர்சனம் தலையை நிமிர்த்தவில்லை.

"அண்ணே" என்றார் குடைக்காரர். "தபால்காரர் படத்துல அந்தத் தோள் எறங்குமே... நெசமாவே நல்லா இருந்துச்சா?"

"நல்லாவா? எங்கப்பாவையே பாத்த மாதிரி இருந்துச்சுங்க. சொல்லி என்ன பண்ண? நடிச்சவருக்கே ஞாபகம் இல்லையே."

"அவருக்கு எப்படிண்ணே ஞாபகம் இருக்கும்? முதுகு மட்டும் தெரியற சீனுக்கெல்லாம் அவரு வரவே மாட்டாரு, அன்னிலேருந்து இன்னி வரைக்கும் நான்தானே நிக்கறேன்!"